கடைசி அரை பைட்

காவேரிப்பட்டணம் மாங்கூழ் ஆலையில்
ஏசி போட்ட ஒரே அறை அதனுடையது.
மேனேஜருக்கே மின்விசிறிதான்.
பீரோ உயரம், மோர் நிற உடம்பு,
பச்சை எழுத்தில் மட்டும் பேச்சு.
பெங்களூரா பழம் இறங்கும் மாதங்களில்
எடைச் சீட்டாகத் தின்று தீர்த்தது
பன்னிரண்டு வருடம்.

ஆலை நின்று இரண்டு சீசன் ஆகிவிட்டது.
திங்கட்கிழமை பேங்க்காரர்களுக்குக் கணக்கு வேண்டும்,
எக்செல்லில்.

ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்தேன், மடியில் ஒரு பிசி.
கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கேட்டார்.

அதற்கு 'ஏ' என்றால் நூற்றுத் தொண்ணூற்று மூன்று,
இதற்கு அறுபத்தைந்து.
அதில் எழுத்தெல்லாம் முடிந்த பிறகுதான் எண்,
இதில் எண்ணுக்குப் பிறகே எழுத்து.
தெலுங்கில் விலை கேட்டுத் தமிழில் பேரம் படிகிற
சந்தைதானே நம்முடையது
என்று தைரியமாகத்தான் கேபிளைச் சொருகினேன்.

முதல் ராத்திரி பெயர்கள் வந்து சேர்ந்தன.
ஆளுக்குப் பதினைந்து இடம்,
நீண்டவர்களுக்கு வெட்டு:
வெங்கடகிருஷ்ணப்.
பணம் வரவில்லை.
பணம் இருக்கவேண்டிய இடத்தில்
கட்டங்கள், கொம்பு முளைத்த எழுத்துகள்,
நடுவில் ஒரு சிரித்த முகம்.

மாதேஸ்வரி அதன் ஆபரேட்டர்.
சம்பளம் நின்ற பிறகும் சனிக்கிழமைகளில் வந்து
டேப் மாற்றிவிட்டுப் போனவர்.
"தொகைய அது அமுக்கித்தான் வைக்கும் சார்.
ஒரு பைட்டுக்கு ரெண்டு இலக்கம்,
கூடைக்கு ரெண்டு அடுக்கு மாதிரி."

பிரித்தெடுக்க நாற்பது வரி எழுதினேன்.
ஞாயிறு காலை ஓடி முடிந்தது.
அங்கே நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்,
இங்கேயும் அத்தனை பேர்.
டீ சொல்லலாமா என்றேன்.

அவர் பதில் சொல்லாமல்
கீழம்பை ஒவ்வொரு தட்டாகத் தட்டி
இறங்கிக்கொண்டிருந்தார்.
போச்சம்பள்ளி. சந்தூர். பண்ணந்தூர்.
மதியம் தாண்டி நின்றார்.

திம்மராயன்,
நாற்பத்தோராயிரத்து முந்நூறு.

"இது தப்பு சார்."

தொகையா?

"தொகை சரி.
இவங்க கம்பெனிக்குத் தரணும்.
நீங்க, கம்பெனி இவங்களுக்குத் தரணும்னு
கொண்டுவந்திருக்கீங்க."

பழைய திரையில் பைட்டைப் பிளந்து பார்த்தோம்.
நாற்பத்தொன்று, முப்பது, சுழி சுழி, சுழி டி.
கடைசி அரை பைட் குறிக்கென்று ஒதுக்கியது.
எஃப் என்றால் வரவேண்டியதல்ல, கொடுக்கவேண்டியது.
டி என்றால் கழித்தல்.
நான் அதை உமி என்று ஊதிவிட்டிருந்தேன்.

பூக்கும் முன்பே வாங்கிய முன்பணம்,
மருந்து, தோப்புக் காவலுக்குக் கூலி,
ஆலங்கட்டி விழுந்த வருடத்துப் பாக்கி.
அன்று காலையிலிருந்து மதியம்வரை
பர்கூர் ரோட்டிலிருந்து பண்ணந்தூர்வரை
ஒருத்தருக்கும் கடன் இல்லை.
ஆலைதான் ஊருக்கெல்லாம் கடன்பட்டிருந்தது.
அது எனக்கும் தெரியாது,
தோப்பில் இருந்தவர்களுக்கும் தெரியாது.

ஒரு வரி சேர்த்தேன்.
மறுபடி ஓட்டினேன்.
கழித்தல் குறிகள் எறும்புகளாக வந்து
எண்களின் வாசலில் நின்றன.
கூட்டுத்தொகை கடைசிப் பைசாவரை ஒத்துப்போனது.

'சரிபார்த்தவர்' என்ற கோட்டின் மேல்
கையெழுத்துப் போட்டார்:
தி. மாதேஸ்வரி.
நான் அந்தத் 'தி'யைப் பார்த்தேன்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.
"பண்ணந்தூர் பஸ் ஏழு இருபதுக்கு"
என்று டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார்.
போகிறபோது, பழக்கத்தில்,
கதவை இறுகச் சாத்தினார்
குளிர் வெளியே போகாதபடி.

இரண்டு திரையிலும் ஒரே ஆள் நின்றிருந்தார்.
அதில் அந்தக் கோடு எண்ணுக்குப் பின்னால்.
இதில் முன்னால்.